996 காண்டாமிருகங்களைச் சுட்டவர் எப்படி விலங்குக் காவலர் ஆனார்?

2024 ஏப்ரலில் போட்ஸ்வானாவின் அப்போதைய அதிபர் மோக்வீட்சி மசிசி, 20,000 யானைகளை ஜெர்மனிக்கு அனுப்பிவைக்கத் தயார் என்று அறிவித்தார். வேட்டையில் கொன்ற விலங்குகளின் தலை, தோல், தந்தம் ஆகியவற்றை உள்ளே கொண்டுவருவதற்கு ஜெர்மனி கட்டுப்பாடுகளை இறுக்க நினைத்ததே அவருடைய கோபத்துக்குக் காரணம். யானைகளைக் காப்பாற்றிப் பெயர் வாங்கிய ஒரு நாடு, யானையைச் சுடுவதற்கு ஆதரவாக ஏன் இப்படிச் சண்டை போடுகிறது என்று செய்தியைப் படித்த பலர் குழம்பினார்கள்.

குழப்பம் நியாயமானது. ஆனால் விஷயம் பழையது. ஆப்பிரிக்காவின் வேட்டைக்காரர்களும் விலங்குக் காவலர்களும் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் இதன் வேர் கிடைக்கிறது. அந்த நூல்களில் வேட்டைக்காரரும் காவலரும் பெரும்பாலும் ஒரே ஆள். ஒரு அத்தியாயத்தில் யானையைச் சுடுவார். அடுத்த அத்தியாயத்தில் யானையைச் சுட்டவனைப் பிடித்துச் சிறைக்கு அனுப்புவார். இரண்டையும் உறுத்தல் இல்லாமல் எழுதுவார். இது எப்படிச் சாத்தியம் என்று புரிய வேண்டுமானால், கொல்வது சரியா தவறா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, கொல்லும் உரிமை யார் கையில் இருந்தது, யாரிடமிருந்து பறிபோனது என்று பார்க்க வேண்டும்.

நூல்களில் வரும் ஆட்களும் சொற்களும்

தொழில்முறை வேட்டைக்காரர் என்பவர், பணம் கட்டி வரும் விருந்தினரைக் காட்டுக்கு அழைத்துப்போய், விலங்கைக் காட்டி, சுடவைத்து, உயிரோடு திரும்பக் கூட்டிவருபவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் இவர்கள் 1934இல் தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். விருந்தினர் எடுத்துப்போகும் தலை, கொம்பு, தோல்தான் டிராஃபி. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் 'பிக் ஃபைவ்' என்று இன்று சுற்றுலா விளம்பரங்களில் போடுகிறார்களே, அதுவும் வேட்டைக்காரர்கள் வைத்த பெயர்தான். நடந்துபோய் வேட்டையாட மிகவும் ஆபத்தான ஐந்து என்று பொருள்.

ரேஞ்சரும் வார்டனும் அரசுச் சம்பளக்காரர்கள். காலனி அரசுகள் இவர்களுக்காக வேட்டை விலங்குத் துறை என்று ஒன்றை வைத்திருந்தன. உரிமம் கொடுப்பது, உரிமம் இல்லாதவரைப் பிடிப்பது, பயிரை அழிக்கும் விலங்கையும் ஆளைக் கொல்லும் விலங்கையும் சுடுவது என மூன்று வேலைகளும் ஒரே மேசைக்கு வந்தன. மூன்றாவது வேலைக்கு 'கண்ட்ரோல்' என்று பெயர். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் காலத்து ரேஞ்சர் யாரையும் புரிந்துகொள்ள முடியாது.

அப்புறம் தடம் பார்ப்பவர்கள், துப்பாக்கி சுமப்பவர்கள், காவலருக்காக ரோந்து போகும் ஸ்கவுட்கள். இவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள்.

தந்தம் விற்ற தலைமுறை

ஃபிரடெரிக் செலூ 19 வயதில் தென்னாப்பிரிக்கா வந்து இறங்கியவர். தந்தம் விற்றுப் பிழைத்தார். 1881இல் அவருடைய முதல் நூல் வந்தபோது, இங்கிலாந்தில் ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு அது ஆப்பிரிக்கக் கனவைக் கொடுத்தது. 1917 ஜனவரியில், முதல் உலகப் போரின்போது, இன்றைய தான்சானியாவில் ருஃபிஜி ஆற்றுப் பக்கம் நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார். 1922இல் அந்தப் பகுதியின் மாபெரும் சரணாலயத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1982இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம் ஆனது. யானை வேட்டைக்காரர் ஒருவரின் பெயரில் யானைகளுக்குப் புகலிடம்! 2019இல்தான் அதன் பெரும்பகுதி நைரேரே தேசியப் பூங்காவாகப் பிரிக்கப்பட்டது.

'கரமோஜோ' பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தன் கணக்குப்படி 1,011 யானைகளைச் சுட்டவர். மற்றவர்கள் பீரங்கி போன்ற கனத்த துப்பாக்கிகளோடு அலைந்தபோது, இவர் 7 மில்லிமீட்டர் மௌசர் போன்ற சிறிய ரகத்தை விரும்பினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்தில் குண்டு மூளையைத் தொடும் என்று படித்துவைத்திருந்தார். 1923இல் வந்த அவருடைய நூலை ஒரு வியாபாரியின் பேரேடாக வாசிப்பதே பொருத்தம்: எத்தனை நாள் நடந்தார், எத்தனை தந்தம் கிடைத்தது, எத்தனை சுமைகூலிகள் தேவைப்பட்டார்கள். அதில் வீரப் பேச்சு குறைவு. இந்த வகை நூல்களில் அது ஒரு நேர்மை என்றே நினைக்கிறேன்.

உரிமம் வந்தது, கள்ளவேட்டைக்காரன் பிறந்தான்

1890களில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் ஆப்பிரிக்காவின் வடகிழக்கிலிருந்து தெற்கு முனைவரை பரவியது. மாடுகளோடு காட்டெருமைகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டை நம்பியிருந்த மக்கள் பஞ்சத்தில் விழுந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் உகாண்டாவில் தூக்க நோய் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பல இடங்களில் மேய்ச்சல் நிலமும் வயலும் புதர்க்காடாக மாறின. ஐரோப்பியப் பயணிகள் இந்த நேரத்தில்தான் வந்து, 'மனிதன் கால்படாத காடு' என்று எழுதினார்கள். அவர்கள் பார்த்ததில் கணிசமான பகுதி, மனிதர்கள் சமீபத்தில் இழந்த நிலம்.

விலங்குகள் குறைந்துவிட்டன என்ற கவலையில் 1900 மே மாதம் லண்டனில் ஒரு உடன்படிக்கை கையெழுத்தானது. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய காலனி அரசுகள் கையெழுத்திட்டன. ஆப்பிரிக்கத் தரப்பு என்று யாரும் இல்லை. குட்டி யானைகளைச் சுடக்கூடாது, 5 கிலோவுக்குக் குறைவான தந்தத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றது அது. அதே உடன்படிக்கை, சிங்கத்தையும் சிறுத்தையையும் குறைக்க வேண்டிய தொல்லைகள் பட்டியலில் வைத்தது. எல்லா நாடுகளும் ஏற்காததால் அது முழுமையாக அமலுக்கு வரவே இல்லை. ஆனால் காலனிகளின் வேட்டைச் சட்டங்களுக்கு அதுவே அச்சாக இருந்தது.

விளைவு இதுதான்: கட்டணம் கட்டி உரிமம் வாங்கியவர் விளையாட்டு வீரர். கண்ணியோ நஞ்சு அம்போ வைத்து இறைச்சிக்காக வேட்டையாடியவர் குற்றவாளி. 1909இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்க வந்தார். அவரும் மகனும் சேர்ந்து 512 விலங்குகளைச் சுட்டார்கள். அதில் 11 யானை, 20 காண்டாமிருகம், 17 சிங்கம். எல்லாம் சட்டப்படி.

கண்ட்ரோல்: மகுவேனியில் நடந்தது

ஜிம் கார்பெட்டைப் படித்துவிட்டு இந்த நூல்களுக்கு வருபவர்கள், ஆட்கொல்லி ஒன்றைத் தேடிப்போகும் தனி மனிதரை எதிர்பார்ப்பார்கள். (கார்பெட்டே 1947இல் இந்தியாவை விட்டுக் கென்யாவின் நியேரியில் குடியேறி, 1955இல் அங்கேயே இறந்தார்.) ஆப்பிரிக்க ரேஞ்சரின் வேலை அளவிலேயே வேறு.

ஜே. ஏ. ஹண்டர் கென்யாவின் வேட்டை விலங்குத் துறைக்காக வேலை செய்தவர். 1944 ஆகஸ்ட் முதல் 1946 அக்டோபர் வரை, மகுவேனி என்ற ஒரே பகுதியில் 996 காண்டாமிருகங்களைச் சுட்டார். பணியில் இருந்த காவலர், அரசு ஆணைப்படி செய்த வேலை இது. இங்கேதான் வாசகருக்குத் தலை சுற்றும். காரணங்களைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. கென்யாவின் வளமான மேட்டுநிலத்தைக் காலனி அரசு வெள்ளைக் குடியேறிகளுக்கென்று ஒதுக்கியது. கம்பா மக்கள் ஒரு வரையறுத்த எல்லைக்குள் ஒதுக்கப்பட்டார்கள்.

2. இடம் போதவில்லை; மேய்ச்சல் நிலம் தேய்ந்து மண் அரித்துப்போனது. இடத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக மாடுகளைக் குறைக்கச் சொன்னது அரசு. 1938இல் முயிந்தி ம்பிங்கு தலைமையில் கம்பா மக்கள் ஆயிரக்கணக்கில் நைரோபிக்கே போய் எதிர்ப்புக் காட்டினார்கள்.

3. வெள்ளையர் நிலத்தைத் தொட மனமில்லாத அரசு, தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ மொய்க்கும் மகுவேனிப் புதர்க்காட்டில் மக்களைக் குடியமர்த்தத் திட்டமிட்டது. அந்தப் புதருக்குள் கருப்புக் காண்டாமிருகங்கள் நிறைந்திருந்தன.

4. காட்டை வெட்டப் போகும் ஆட்களைக் காண்டாமிருகம் தாக்கும். ஆகவே முதலில் அவற்றை அகற்று என்று ஆணை வந்தது.

இந்த வரிசையில் ரேஞ்சர் நான்காவது படியில்தான் வருகிறார். முதல் மூன்று படிகளும் அவருடைய நூலில் மங்கலாகத்தான் தெரியும். 1952இல் வெளியான நினைவுக் குறிப்பில் ஹண்டரே வருத்தப்படுகிறார்: பெருகிக்கொண்டே போகும் மக்களுக்கு இன்னும் சில ஏக்கர் நிலம் கிடைப்பதற்காக இந்த விந்தையான விலங்குகளை அழிப்பது தகுமா என்று கேட்கிறார். அவருடைய வருத்தம் உண்மையானது. ஆனால் பழி கம்பா மக்களின் எண்ணிக்கை மேல் போய் விழுகிறது. மேட்டுநிலத்தை யார் வைத்திருந்தார்கள் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. காண்டாமிருகமும் கம்பா விவசாயியும் ஒரே முடிவுக்குப் பலியானவர்கள். நூல் அவர்களை எதிரிகளாக நிறுத்துகிறது. இந்த ஒரு பக்கத்தைக் கவனமாக வாசித்தால் மொத்த அலமாரியையும் வாசிக்கும் முறை பிடிபட்டுவிடும்.

பூங்கா வந்த பிறகு: சாவோ

1948இல் கென்யாவில் சாவோ தேசியப் பூங்கா உருவானது. அதன் கிழக்குப் பகுதிக்கு டேவிட் ஷெல்ட்ரிக் வார்டன் ஆனார். அந்த நிலத்தில் ஏற்கெனவே யானை வேட்டையில் தேர்ந்த ஒரு சமூகம் இருந்தது: வாட்டா மக்கள். அவர்களுடைய வில்லை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் விசை வேண்டும். இடைக்கால இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெடுவில்லுக்கு இது சளைத்தது இல்லை. அகோகாந்தெரா மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுத்த நஞ்சை அம்பில் தடவி, யானைக்கு மிக அருகில் போய் எய்வார்கள். பெல் மண்டையோட்டை அறுத்துக் கற்றார்; யானையை எங்கே தாக்க வேண்டும் என்பதை இவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள்.

தந்தம் வாங்க கடற்கரையிலிருந்து வியாபாரிகள் வந்ததால் வேட்டை பெருகியிருந்தது என்பதும் உண்மை. 1956–57இல் ஷெல்ட்ரிக்கும் பில் உட்லியும் பெரிய ஒடுக்கும் நடவடிக்கையை நடத்தினார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்கியபோது கற்ற உத்திகளான உளவாளிகள், விசாரணை, திடீர்ச் சோதனை எல்லாம் காட்டுக்குள் வந்தன. வாட்டா ஆண்கள் பலர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் எவ்வளவு திறமைசாலிகள் என்று வார்டன்களுக்கு நன்றாகவே தெரியும். 1960இல் பூங்காவுக்கு வெளியே கலானா பகுதியில் அவர்கள் சட்டப்படி வேட்டையாட ஒரு திட்டமும் தொடங்கப்பட்டது. அது நிலைக்கவில்லை.

வேட்டை நின்றதும் யானைகள் பெருகின, மரங்கள் சாய்ந்தன. ஒரு பகுதி யானைகளைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றார் ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் லாஸ். இயற்கையிடம் விட்டுவிடலாம் என்றார் ஷெல்ட்ரிக். ஷெல்ட்ரிக் பக்கம் வென்றது. 1970–71 வறட்சியில் சுமார் 6,000 யானைகள் பட்டினியால் செத்தன. பெரும்பாலும் பெண் யானைகளும் கன்றுகளும். சில ஆண்டுகளில் துப்பாக்கி ஏந்திய தந்தக் கும்பல்கள் மிச்சத்தைத் தேடி வந்தன. யார் சொன்னது சரி என்ற சண்டை இன்றும் சூழலியலாளர்களிடையே ஓயவில்லை.

கென்யாவின் வேட்டை விலங்குத் துறையில் வார்டனாக இருந்த ஜார்ஜ் ஆடம்சனின் கதையும் இந்தக் காலத்தில்தான் வருகிறது. எல்சா என்ற சிங்கக்குட்டியை வளர்த்துக் காட்டுக்கே அனுப்பிய கதை உலகம் முழுவதும் போனது. அந்தக் கதையின் தொடக்கம் 1956இல் ஆடம்சன் சுட்ட குண்டு. ஆளைக் கொன்ற சிங்கத்தைத் தேடிப்போன பணியில் ஒரு பெண் சிங்கத்தைச் சுட்டார். பிறகுதான் அதற்கு மூன்று குட்டிகள் இருப்பது தெரிந்தது. 1989 ஆகஸ்டில் கென்யாவின் கோராவில் கொள்ளையர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

எண்களை எப்படிப் பார்ப்பது

நினைவுக் குறிப்பில் வரும் எண்களில் துறைப் பதிவேட்டிலிருந்து வந்தவை ஒரு வகை. சொல்லச் சொல்ல வளர்பவை இன்னொரு வகை. இரண்டாவதற்குச் சாவோ ஆற்றுச் சிங்கங்களைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1898இல் உகாண்டா ரயில் பாதைக்காகச் சாவோ ஆற்றில் பாலம் கட்டியபோது, பிடரி இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் தொழிலாளர்களைக் கொன்றன. டிசம்பரில் பொறியாளர் ஜே. எச். பேட்டர்சன் இரண்டையும் சுட்டார். 1907இல் எழுதிய நூலில், கொல்லப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் 28 பேர் என்றும், கணக்கில் வராத ஆப்பிரிக்கர்கள் பலர் என்றும் சொன்னார். பிற்பாடு அவரே சொன்ன எண் 135. சிங்கங்களின் தோல்கள் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டன. அந்த ரோமத்தையும் எலும்பையும் வேதியியல் முறையில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டும் சேர்ந்து தின்றது சுமார் 35 பேர் என்று மதிப்பிட்டது. கொன்று தின்னாமல் விட்டவர்கள் இதில் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு எண். அந்தப் பாதைக்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 2,500 பேர் இறந்தார்கள். சிங்கத்தின் வாயில் போனவர்களுக்கு நூல் கிடைத்தது. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் போனவர்கள் நிர்வாகக் கணக்கில் ஒரு வரி.

சுமந்தவர்கள்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா 1926இல் உருவாகும் முன்பே, அதன் தாயான சாபி சரணாலயத்துக்கு 1902 முதல் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் வார்டன். அவரிடம் வேலை பார்த்த ஹாரி வோல்ஹூட்டர் 1903இல் குதிரையில் போகும்போது சிங்கம் ஒன்று அவரைக் கீழே தள்ளி, வலது தோளைக் கவ்வி இழுத்துப் போனது. இடது கையால் இடுப்புக் கத்தியை உருவி, குத்து மேல் குத்தாகக் குத்தி அதைக் கொன்றார். மரத்தில் ஏறி, மயங்கி விழாமலிருக்கத் தன்னைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது சிங்கத்தை அவருடைய நாய் குரைத்துக் குரைத்துத் தள்ளிவைத்தது. அந்தக் கத்தியும் தோலும் இன்றும் குரூகர் பூங்காவின் ஸ்குகுசாவில் காட்சிக்கு இருக்கின்றன.

இருட்டில் அவரைத் தேடி வந்து, சிங்கங்கள் உலவும் வழியில் தாங்கிப் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோய், பிறகு நாட்கணக்கில் தூளியில் சுமந்து ரயிலடி சேர்த்தவர்கள் அவருடைய ஆப்பிரிக்கப் பணியாளர்கள். அவர்கள் இல்லையென்றால் 1948இல் அந்த நினைவுக் குறிப்பே வந்திருக்காது. அவர்களுக்கென்று காட்சிப்பெட்டி இல்லை.

விதிவிலக்கும் உண்டு. 1960களில் தென்னாப்பிரிக்காவின் உம்ஃபலோசி சரணாலயத்திலிருந்து வெள்ளைக் காண்டாமிருகங்களை மயக்க ஊசி போட்டு வேறு இடங்களுக்கு அனுப்பிய ஐயன் பிளேயர், காட்டைத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று ஜூலு இனத்தவரான மக்குபு ந்டோம்பெலாவை எழுத்தில் மையமாகவே நிறுத்தினார். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் நூறைக்கூட எட்டாத அந்தக் காண்டாமிருக இனம் ஆயிரக்கணக்கில் மீண்டது. அந்த வெற்றியில் ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர்கள் நமக்குத் தெரிவது அந்த ஒரு எழுத்தால்தான்.

இன்றைய சண்டைக்கு வருவோம்

1. கென்யா 1977இல் வேட்டையை முழுமையாகத் தடை செய்தது. தந்தக் கும்பல்கள் அதனால் நிற்கவில்லை. 1989 ஜூலையில் 12 டன் தந்தத்தை அரசே எரித்தது. அந்த ஆண்டே சர்வதேசத் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. யானைகள் மெதுவாக மீண்டன. ஆனால் 1977 முதல் 2016 வரை கென்யாவின் காட்டுவிலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தன என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. வேலி, மாடு, விவசாயம் எல்லாம் இதில் சேர்த்தி. துப்பாக்கியை மட்டும் நிறுத்தினால் நிலம் தானாகக் கிடைத்துவிடாது.

2. ஜிம்பாப்வேயும் நமீபியாவும் வேறு வழி போயின. முன்னதில் 1980களின் இறுதியிலிருந்தும், பின்னதில் 1996 சட்டத்திலிருந்தும், தங்கள் நிலத்து விலங்குகளிலிருந்து கிராமச் சமூகங்கள் வருமானம் பெறலாம் என்றானது. டிராஃபி வேட்டைக் கட்டணம் அதில் ஒரு பங்கு. பணம் கிராமத்துக்குப் போய்ச் சேருகிறதா, நடுவில் கரைகிறதா என்பதுதான் அங்கே நடக்கும் உண்மையான விவாதம்.

3. போட்ஸ்வானா 2014இல் தடை போட்டு 2019இல் நீக்கியது. அங்கே சுமார் 1,30,000 யானைகள். பயிரை இழந்தவர்களுக்கும் ஓட்டு உண்டு. மசிசியின் கோபத்தில் அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். ஆனால் விதியை ஐரோப்பா எழுத, விளைவை ஆப்பிரிக்கக் கிராமம் சுமக்கிறது என்ற அவருடைய குறைக்கு 1900 லண்டன் உடன்படிக்கை வரை வயது உண்டு. மறுபக்கம், டிராஃபி வேட்டையை எதிர்க்கும் ஆப்பிரிக்கர்களும் நிறைய இருக்கிறார்கள். கென்யாவே அதற்குச் சான்று. 'ஆப்பிரிக்கா என்ன நினைக்கிறது' என்று ஒருமையில் கேட்டால் பதில் கிடைக்காது.

இதற்கு நடுவே காவல் வேலை போர்வேலை ஆகிவிட்டது. காங்கோவின் விருங்கா பூங்காவில் இதுவரை 200க்கும் மேற்பட்ட ரேஞ்சர்கள் பணியில் இறந்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் 12 பேர். பழைய நூல்களில் ஸ்கவுட் என்று பெயரில்லாமல் வந்தவர்களின் வேலையைச் செய்பவர்கள் இவர்கள்தான்.

நிலம் திரும்பி வந்தபோது

1969இல் குரூகர் பூங்காவை விரிவாக்க, அதன் வடக்கு மூலையான பஃபூரியிலிருந்து மக்குலேகே மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பின் சட்டப்படி உரிமை கோரி, 1998இல் நிலத்தின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். நிலம் பூங்காவின் பகுதியாகவே இருக்கும், நிர்வாகத்தில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தொடக்கத்தில் சில ஆண்டுகள், குறைந்த எண்ணிக்கையில் யானை, காட்டெருமை வேட்டைக்கு அனுமதி விற்றுப் பணம் திரட்டினார்கள். பூங்காவுக்குள் வேட்டையா என்று வெளியே எதிர்ப்பு எழுந்தது. பிறகு வேட்டையை நிறுத்திவிட்டு, சுற்றுலா விடுதிகளுக்கு இடத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் மக்குலேகே மக்களே.